கிளாஸ்கோவில் ஒரு சரளி வரிசை

இசை மாநாடு என்றால் நம்மூரில் கச்சேரி என்றுதான் நினைப்பார்கள். அவள் ஸ்காட்லாந்து போகிறாள் என்று தெரிந்ததும் தெருவில் பாதிப்பேர், "அங்கே போய் என்ன பாடப் போறே?" என்றுதான் கேட்டார்கள். பாடுவதற்கு இல்லை, பாட்டு சொல்லிக் கொடுப்பதைப் பற்றிக் கட்டுரை வாசிக்க என்று அவள் விளக்கியபோது, "அதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. நியாயமான கேள்விதான்.

அந்த மாநாட்டை நடத்துவது உலக இசைக் கல்விச் சங்கம். சுருக்கமாக இஸ்மே. யுனெஸ்கோவின் முயற்சியில் 1953-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டில் கூடுவார்கள். 1964-ல் புடாபெஸ்டில் கூடினார்கள். ஹங்கேரியின் பெரிய இசையமைப்பாளரும், குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தருவதற்கே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தவருமான கோடாய் அப்போது சங்கத்தின் கௌரவத் தலைவர். அவள் போனது 32-வது மாநாடு, 2016 ஜூலை 24 முதல் 29 வரை, கிளாஸ்கோவில்.

போவதற்கு முன் பட்ட பாடு தனிக்கதை. முதலில் ஒரு பக்கச் சுருக்கம் அனுப்ப வேண்டும். எழுதியவர் பெயர் தெரியாமலே இரண்டு பேர் அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். ஏற்றுக்கொண்டோம் என்று மடல் வந்த அன்று வீட்டில் பாயசம். மறுநாள் அப்பா கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். பாயசம் கசந்துவிட்டது. நல்ல வேளையாக ஜூன் 23-ல் பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக ஓட்டுப் போட்டார்கள். நூறு ரூபாயை ஒட்டி இருந்த பவுண்டு தொண்ணூறு பக்கம் இறங்கியது. பிரெக்சிட்டால் லாபம் அடைந்த அபூர்வக் குடும்பங்களில் அதுவும் ஒன்று :-)

கிளாஸ்கோ அவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஜூலையிலும் தூறல், ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம். வெலிங்டன் பிரபு சிலையின் தலையில் யாரோ போக்குவரத்துக் கூம்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், எடுத்தால் மறுபடி வைக்கிறார்கள், ஊரே அதை ரசிக்கிறது. கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு ஆர்கன் வாசிக்கிறார்கள், டிக்கெட் கிடையாது. பக்கனன் தெருவில் ஒருவர் பேக்பைப் ஊதிக்கொண்டு நின்றார். சுருதிப் பெட்டியையும் நாயனத்தையும் ஒரே பையில் போட்டுக் கட்டிய மாதிரி ஒரு வாத்தியம். அவள் கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டாள்.

மாநாடு என்பது உள்ளே போய்ப் பார்த்தால் திருவிழாக் கூட்டம்தான். ஒரே நேரத்தில் பல அறைகளில் கட்டுரை வாசிக்கிறார்கள். இங்கே இருந்தால் அங்கே நடப்பது போச்சு. பவர்பாயிண்டில் இருப்பதை அப்படியே படிக்கும் பேராசிரியர்கள் எல்லா நாட்டிலும் உண்டு என்று தெரிந்தது ஒரு ஆறுதல். சைவம் என்றால் சாண்ட்விச்சில் வெள்ளரிக்காய். இதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அவளுடைய கட்டுரை சரளி வரிசையைப் பற்றியது. கர்நாடக சங்கீதம் கற்க வரும் குழந்தைக்கு முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில்தான். இதை வகுத்தவர் பதினாறாம் நூற்றாண்டுப் புரந்தரதாசர் என்பது மரபு. மேற்கே, குறிப்பாகக் கோடாய் வழியில், தலைகீழ். பிள்ளைகள் விளையாடும்போது தானாகவே பாடும் இரண்டு மூன்று சுரங்களில் தொடங்கி, ஐந்து சுரத்துக்குப் போய், அரைச் சுரத் தாவலைத் தள்ளிப் போடுவார்கள். நாம் எடுத்த எடுப்பிலேயே ச-வை ஒட்டி ஒரு சின்ன ரி, அங்கிருந்து க-வுக்கு ஒரு பெரிய தாவல். இது குழந்தைக்குக் கஷ்டமா இல்லையா? இதுதான் கேள்வி. லால்குடி பக்கத்துக் கிராமத்தில் 2014-ல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேருக்கு அவள் சனிக்கிழமை தோறும் சொல்லிக் கொடுத்து, வாராவாரம் ஒவ்வொருவரையும் தனியாகப் பாட வைத்து செல்பேசியில் பதிவு செய்திருந்தாள். கடைசி வரை வந்தவர்கள் 15 பேர். அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே பாடினார்கள். ஆகவே கஷ்டம் இல்லை என்பது முடிவு. மீதி ஏழு பேர்? "வருகை குறைவு, விட்டுடலாம்" என்றிருந்தார் வழிகாட்டி. விட்டாயிற்று.

சும்மா பேசாதே, பாடிக் காட்டு என்று சொல்லி அனுப்பியதும் வழிகாட்டிதான். ஆபிரகாம் பண்டிதரைச் சொல்வார் அவர். தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்துச் சம்பாதித்ததை இசை ஆராய்ச்சியில் போட்ட மனிதர். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் சுருதிக் கணக்கைப் பற்றித் தன் கட்சியைச் சொன்னதோடு நிற்காமல், குடும்பத்துப் பெண்களை அழைத்துப் போய்ப் பாடியும் வீணை வாசித்தும் நிரூபிக்க வைத்தார். அடுத்த வருடம் வந்ததுதான் கருணாமிர்த சாகரம். காதால் கேட்டுத் தீர்க்க வேண்டிய விவகாரத்தை வாயால் பேசித் தீர்க்க முடியாது என்பது வழிகாட்டியின் கட்சி.

அவளுடைய முறை மூன்றாம் நாள் மத்தியானம். அறையில் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். முதல் ஐந்து நிமிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு செல்பேசியில் தம்பூராவைப் போட்டுவிட்டு, திரையில் ச ரி க ம என்று காட்டி, உங்கள் டோ ரே மி ஃபா மாதிரிதான், என்னோடு பாடுங்கள் என்றாள். பாடினார்கள். எல்லோரும் இசை ஆசிரியர்கள், குரல் கணீரென்று இருந்தது. ஆனால் ரி மேலே ஏறிவிட்டது. மாயாமாளவகௌளையின் சின்ன ரி இல்லை, அவர்கள் பழகிய ரே. அவள் சிரித்துவிட்டு, "நீங்கள் பாடுவதும் சரிதான், எங்கள் ஊரில் அதற்குச் சங்கராபரணம் என்று பெயர்" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பாடியதும் பிடித்துக்கொண்டார்கள். துருக்கியிலிருந்து வந்த ஒருவர், இந்தச் சுர வரிசை எங்களிடமும் இருக்கிறது, ஹிஜாஸ்கார் என்போம் என்றார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

கேள்வி நேரத்தில் ஹங்கேரிக்கார ஆசிரியர் ஒருவர் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார், தயாராக இருந்த பதிலைச் சொன்னாள். கடைசியாகப் பின் வரிசையிலிருந்து ஒரு பிரேசில் நாட்டு அம்மா. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வந்தது. "22 என்று ஆரம்பித்தீர்கள். படத்தில் 15 தான் இருக்கிறது. அந்த ஏழு பேர் ஏன் நின்றார்கள்?"

வருகை குறைவு என்று சொன்னால் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது அது. ஆனால் அந்த அம்மா குற்றம் சாட்டுகிற தொனியில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: சுருதி சேராத பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்தேன். ஒரு பெண்ணிடம், நீ சத்தம் போடாதே, வாயை மட்டும் அசை, போதும் என்றேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவளோடு வருகிற இரண்டு பேரும் வரவில்லை.

யாரும் ஒன்றும் பேசவில்லை. பிரேசில் அம்மா மட்டும் தலையாட்டினார். எல்லோரும் கலைந்த பிறகு அவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: அவரையும் பத்து வயதில் அப்படித்தான் வாயசைக்கச் சொன்னார்களாம். மாநாட்டுக்கு மாநாடு இப்படி ஒருவரையாவது பார்க்கிறாராம். சொன்னவர்களும் இருப்பார்கள், சொல்லக் கேட்டவர்களும் இருப்பார்கள்.

அன்று ராத்திரி விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து, இரண்டு வருடமாகத் தொடாத ஏழு கோப்புகளைத் தேடி எடுத்தாள். அந்தப் பெண்ணின் பதிவு இரண்டு வாரத்துக்குத்தான் இருந்தது. முதல் வாரம். ச, ரி... ரி மேலே. க, ம சுத்தம். இரண்டாம் வாரமும் ரி அதே இடத்தில், இம்மி பிசகாமல். த-வும் அப்படியே. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தம்பூராவை வைத்து நான்கு முறை கேட்டாள். அந்தப் பெண் சுருதி விலகவே இல்லை. மத்தியானம் பதினைந்து ஆசிரியர்கள் பாடிய அதே சங்கராபரணத்தைத்தான் பாடியிருக்கிறாள். அவர்களிடம் சிரித்துக்கொண்டே ராகத்தின் பெயரைச் சொன்ன அதே வாய்தான்...

ஊர் திரும்பியதும் கட்டுரையின் அட்டவணையில் ஏழு வரிசைகளையும் திரும்பச் சேர்த்தாள். முடிவு அத்தனை அழகாக இல்லை. வழிகாட்டி முகத்தைச் சுளித்தார், பிறகு சரி என்றார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்குடி பஸ் பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனாள். அந்தப் பெண் இப்போது ஏழாம் வகுப்பு. தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்று, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். செல்பேசியில் தன் குரலைக் கேட்டபோது மட்டும் லேசாக வெட்கப்பட்டாள்.

"தப்பா பாடலையாம்மா நீ. நான்தான் தப்பா கேட்டுட்டேன்."

"பரவால்ல மிஸ்" என்றாள். "எனக்குப் பாட்டு வராது."

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து, வாசல் படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனாள். பாடவில்லை.