லேசாகிப்போன லீவர்

எங்கள் வீட்டு எஸ்பிரஸோ மெஷினில் பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. ஒரு சின்ன பாய்லர், அதைச் சூடாக்க ஹீட்டர், முன்பக்கம் நீளமாக ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். கைப்பிடியைத் தூக்கினால் உள்ளே பிஸ்டன் மேலே போய், பாய்லரிலிருந்து வெந்நீர் வர வழிவிடும். அழுத்தினால் அந்த வெந்நீர் காபித் தூளுக்குள் புகுந்து கீழே இறங்கும். மகள் இத்தாலியில் படிப்பை முடித்துத் திரும்பும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தது.

அந்த லீவருக்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் இத்தாலியக் காபிக் கடைகளில் நீராவியின் சக்தியில்தான் எஸ்பிரஸோ இறங்கியது. அழுத்தம் சுமார் ஒன்றரை பார்தான். மிலான்காரரான அக்கீலே காஜியா 1948-ல் லீவர் மெஷினைக் கொண்டுவந்த பிறகு அது 8, 9 பார் ஆனது. எஸ்பிரஸோ மேல் படர்கிற பொன்னிற நுரையும் அப்போது வந்ததுதான். காஜியாவின் மெஷினில் அழுத்துவதற்கு ஸ்பிரிங் இருந்தது. எங்களுடையதில் அதுவும் இல்லை. என் கணவரின் வலது கைதான்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. போன வருடம் வலது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே சிரமப்பட்டார். பிசியோதெரபிக்குப் போய் வந்த மாதங்களில், சாயங்காலக் காபிக்கு லீவரை அழுத்துவதைத் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சையாக ஆக்கிக்கொண்டார்.

ஒருநாள், "பாத்தியா, எவ்ளோ லேசா இறங்குது! ஒரு கையே போதும்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், காபி? தண்ணியாக, புளிப்பாக இருந்தது. நுரையைக் காணோம். நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு குடித்து முடித்தோம்.

போட்டு உடைத்தவர் மாமியார். ஊரில் முப்பது வருடம் அடிபம்போடு மல்லுக்கட்டியவர். "வாசர் தேஞ்சா அடிபம்புக் கைப்பிடி இப்படித்தான்டா லேசாயிடும். கை தேறிடுச்சுன்னு நெனச்சுக்காத" என்றார்.

அவர் எதுவும் பேசவில்லை. காபி போனால் போகிறது, அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால், பிஸ்டன் தண்டைச் சுற்றி மேல்பக்கம் வெந்நீர் கசிய ஆரம்பித்திருந்தது. இரண்டு நாள் கழித்து அவரே, "வாசர் ஆர்டர் போடு" என்றார்.

கடையில் கேட்டால், "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது மேடம், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். மகள் மாடலைத் தேடிப் பிடித்து ஆன்லைனில் இரண்டு செட் வரவழைத்தாள். வந்து சேர மூன்று வாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிளக்கைப் பிடுங்கி, மெஷின் முழுக்க ஆறி, நீராவிக் குழாயைத் திறந்து மிச்ச அழுத்தமும் போனபிறகுதான் கை வைத்தோம். லீவர் பின்னைக் கழற்றி, அடியில் இருக்கும் சல்லடைத் தட்டை எடுத்து, பிஸ்டனைக் கீழ்வழியாக இறக்கினோம். குக்கர் காஸ்கெட் பழசானால் எப்படி இருக்கும்? அதேதான். வளையங்கள் மொரமொரப்பாக இறுகி, விளிம்பு தேய்ந்திருந்தன. இந்த வளையத்தின் விளிம்பு ஒரு பக்கம் கிண்ணம் மாதிரி விரிந்திருக்கும். அழுத்தும்போது தண்ணீரே அந்த விளிம்பைச் சுவரோடு தள்ளி அடைத்துக்கொள்ளும். திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. அதனால் பழசை எடுக்குமுன் போனில் படம் எடுத்துக்கொண்டோம். உள்சுவரில் கீறல் விழுந்தால் புது வாசரும் நிற்காது என்பதால் ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல், பல்குத்தும் குச்சியாலும் துணியாலும் அழுக்கை எடுத்தோம். புது வளையங்களை வெந்நீரில் போட்டதும் இளகி, சுலபமாக ஏறின.

மாமியார் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். அதைத் தடவக் கூடாது. நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். வாசலினும் ஆகாது, சிலவகை ரப்பர் அதில் உப்பிவிடும். உணவுப் பொருளோடு சேரக்கூடிய சிலிக்கான் கிரீஸ் என்றே விற்கிறார்கள். அதை மெல்லிசாகப் பூசினால் போதும்.

பாய்லருக்குள் எட்டிப் பார்த்தால், எங்கள் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, ஊறவைத்து, நாலு முறை அலசினோம். இப்போது அதற்கு வடிகட்டிய தண்ணீர்தான்.

முதல் காபிக்கு லீவர் பாதியில் நின்றுவிட்டது. இடது கையையும் கொடுத்து மெதுவாக இறக்கினார். டம்ளரில் நுரை கெட்டியாக வந்தது. "உப்பு பாரு" என்று சொல்வது மாதிரி என்னிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

தூளை ஒரு சுற்று கொரகொரப்பாக அரைத்தால் அவ்வளவு பலம் தேவைப்படாது என்றாள் மகள். அப்படித்தான் அரைக்கிறோம். அவர் இரண்டு கையாலும் அழுத்துகிறார். தோள் பயிற்சி காலையில் தனியாக நடக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு செட் வாசரைக் குக்கர் காஸ்கெட் டப்பாவில் போட்டு, மாற்றிய தேதியை மூடியில் எழுதி வைத்திருக்கிறேன்.