உயிலில் வாழும் ஓவியக்கூடம்

ஒரு நாட்டின் உயர்ந்த கலைச்செல்வங்கள் எங்கே இருத்தல் வேண்டும்? தலைநகரிலா? அவற்றைத் தேடிச் சேர்த்தவர் விட்டுச் சென்ற ஊரிலா? தலைநகருக்குப் பலர் வருவர். அங்கே காவலும் பொருள்வளமும் மிகுதி. ஆகவே அங்கே வைப்பதே முறை என்பார் உளர். ருமேனிய நாட்டிலுள்ள சிபியு நகரம் இவ்வினாவுக்கு விடை காண ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

கார்ப்பேத்திய மலைத்தொடருக்கு வடக்கே, திரான்சில்வேனியா என்னும் பகுதியில் அமைந்த பழைய நகரம் சிபியு. 12ஆம் நூற்றாண்டில் அங்கேரி மன்னரின் அழைப்பை ஏற்று வந்து குடியேறிய செருமானியர் அதனை வளர்த்தனர். தங்கள் மொழியில் ஹெர்மன்ஷ்டாட் என்று அழைத்தனர். அந்நகரின் பெரிய சதுக்கத்தில் 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதுவே புரூக்கந்தால் அருங்காட்சியகம்.

மாளிகையைக் கட்டிய சாமுவேல் ஃபொன் புரூக்கந்தால், 1721இல் சிபியுவை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். லூத்தர் திருச்சபையைச் சார்ந்த ஒருவர் கத்தோலிக்க வியன்னா அரசவையில் உயர்நிலை அடைவது அந்நாளில் எளிதன்று. ஆயினும் அவர் தம் ஆற்றலால் பேரரசி மரியா தெரேசாவின் நம்பிக்கைக்கு உரியவரானார். 1777 முதல் 1787 வரை திரான்சில்வேனியாவின் ஆளுநராக விளங்கினார். வியன்னாவில் பணியாற்றிய காலத்திலேயே ஓவியங்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். நாளடைவில் ஏறத்தாழ 1,200 ஓவியங்களும் 16,000 நூல்களும் அரிய நாணயங்களும் அவரிடம் திரண்டன. நூல்களையும் நாணயங்களையும் வகைப்படுத்த அவர் ஓர் இளம் மருத்துவ மாணவரை அழைத்துவந்தார். அம்மாணவரே பின்னாளில் ஓமியோபதி மருத்துவத்தைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் ஆவார்.

செல்வர்கள் பொருள் சேர்ப்பது புதுமையன்று. சேர்த்ததை யாரிடம் ஒப்படைத்தார் என்பதிலேதான் புரூக்கந்தாலின் பெருமை விளங்குகிறது. தம் தொகுப்பு சிதையாமல் காக்கப்பட வேண்டும். மக்கள் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும். தம் குடும்பத்தில் ஆண்வழி அற்றுப்போகுமாயின் எல்லாம் ஊரிலுள்ள லூத்தர் திருச்சபைப் பள்ளியைச் சேரவேண்டும் என்று அவர் உயில் எழுதினார். 1803இல் அவர் மறைந்தார். 1817இல் மாளிகையின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்தன. மாட்ரிட் நகரின் பிராடோ 1819இலும், இலண்டன் தேசிய ஓவியக்கூடம் 1824இலும் தோன்றின என்பதை நோக்கின், அச்சிறு நகரம் எத்துணை முந்திக்கொண்டது என்பது புலனாகும். 1872இல் ஆண்வழி முடிவுற்றது. உயிலின்படியே தொகுப்பு முழுவதும் பள்ளியின் உடைமையாயிற்று. பிளெமிசு நாட்டு ஓவியங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் சொத்தாக இருந்த காட்சியை உலகில் வேறெங்கும் எளிதில் காணவியலாது!

அவ்வோவியங்களுள் ஒன்று யான் வான் ஐக் 1430ஆம் ஆண்டையொட்டித் தீட்டியது. உள்ளங்கையிரண்டைச் சேர்த்து விரித்தால் அதில் அடங்கிவிடும் சிறிய பலகை. நீலத் துணியாலான தலையணி பூண்ட ஒருவர் கையில் மோதிரம் ஒன்றை ஏந்தியிருக்கிறார். மணவுறுதிக்கான மோதிரமோ, பொற்கொல்லரின் தொழில் அடையாளமோ என்று அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். டியூரரின் கையெழுத்தைப் பொய்யாகப் பொறித்திருந்தமையால் நெடுங்காலம் அது அவருடையதாகவே எண்ணப்பட்டது. 1991இல் தூய்மை செய்து அகச்சிவப்புக் கதிரால் ஆய்ந்தபோது, வண்ணத்தின் அடியிலிருந்த கோடுகள் வான் ஐக்கின் கையைக் காட்டிக்கொடுத்தன.

ஆனால், அந்த ஆய்வு நடந்தபோது ஓவியம் சிபியுவின் உடைமையாக அங்கே தொங்கிக்கொண்டிருக்கவில்லை. 1948இல் பொதுவுடைமை அரசு அருங்காட்சியகத்தை அரசுடைமையாக்கிற்று. தொகுப்பின் தலைசிறந்த 19 ஓவியங்கள் தலைநகரான புக்கரெஸ்டின் புதிய தேசியக் கலைக்கூடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. வான் ஐக்கும் மெம்லிங்கும் பிரூகலும் ஊரைவிட்டுப் போயினர். தலைநகர் மக்கள் கண்டு மகிழ்ந்தனர் என்பது மெய்யே. சிறிய ஊரில் காவல் போதாது என்னும் வாதமும் வெறும் பேச்சன்று. 1968இல் சிபியு அருங்காட்சியகத்தில் எட்டு ஓவியங்கள் களவுபோயின. அவற்றுள் நான்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1998இல்தான் மீட்கப்பட்டன.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றும் நேர்ந்தது. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபின், எட்டு நூற்றாண்டுக் காலம் வாழ்ந்த மண்ணை நீத்து, அப்பகுதிச் செருமானியருள் பெரும்பாலோர் செருமனிக்குப் பெயர்ந்தனர். யாருடைய பிள்ளைகளுக்கென்று உயில் எழுதப்பட்டதோ, அம்மக்களில் சிலரே எஞ்சினர். அப்படியாயின் அவ்வுயிலுக்கு இனி என்ன பொருள்?

விடையை அப்பள்ளியே தந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றில் இடம்பெற்ற அப்பள்ளி இன்று புரூக்கந்தாலின் பெயர் தாங்கி நிற்கிறது. அங்கே செருமன் மொழி வழியாகவே பாடம் நடைபெறுகிறது. கற்போருள் பெரும்பாலோர் ருமேனியப் பிள்ளைகள்! அங்கே இயற்பியல் கற்பித்த கிளாவுஸ் யோஹானிஸ் என்னும் ஆசிரியர் 2000இல் சிபியுவின் நகரத் தலைவரானார். 2014 முதல் 2025 வரை நாட்டின் அதிபராகவும் இருந்தார். அவர் நகரத் தலைவராக இருந்த 2006ஆம் ஆண்டின் இறுதியில், 58 ஆண்டுகள் கழிந்தபின், 19 ஓவியங்களும் சிபியு திரும்பின. மறு ஆண்டு அந்நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகத் திகழ்ந்தபோது, விருந்தினர் பழைய மாளிகையிலேயே அவற்றைக் கண்டனர்.

கலைப்பொருளுக்குக் காவல் வேண்டும். அதனைத் தலைநகராலும் தர இயலும். ஆனால், இது நம்முடையது, நம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது என்னும் உணர்வைப் பிறந்த இடமே தரும். புரூக்கந்தால் இதனை அறிந்தே தம் செல்வத்தை ஒரு பள்ளியிடம் விட்டுச் சென்றார் போலும். அரசுகள் மாறின, குடிமக்களும் பெயர்ந்தனர். கற்பிக்கும் இடம் ஒன்று எஞ்சியிருந்தமையால் அவர் விருப்பத்திற்கு வாரிசு இல்லாமற் போகவில்லை.