போருக்கு வந்த லொறி பஸ்ஸாக ஓடிய கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைகள் வீடு திரும்பியபோது, அவற்றின் வாகனங்கள் எல்லாம் உடன் திரும்பவில்லை. கப்பலேற்றிக் கொண்டுபோகும் செலவுக்கு அஞ்சிப் பல இலட்சம் லொறிகளும் ஜீப்புகளும் ஆங்காங்கே விற்கப்பட்டன, கைவிடப்பட்டன. பர்மாவில் அவ்வாறு எஞ்சியவற்றுள் கனடாவில் செய்யப்பட்ட செவர்லட், போர்ட் லொறிகளின் கதை தனித்துவமானது.

முகப்பு தட்டையாக, மூக்கில்லாத முகம்போல் தோன்றும் இந்த லொறிகள் நான்கு இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டு, பிரித்தானியாவினதும் பொதுநலவாய நாடுகளினதும் படைகளுக்கு வழங்கப்பட்டன. 1945 மே மாதம் ரங்கூனை மீட்ட படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் சுமந்தவற்றுள் இவையும் அடங்கும். அந்தப் போரை வழிநடத்திய தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 முதல் எங்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இயங்கியது என்பதை இன்று நினைவுகூர்வோர் குறைவு.

போரின் பின் பர்மியர்கள் அந்த லொறிகளின் மேல் மரத்தால் உடல் கட்டி, பலகை ஆசனங்கள் பொருத்திப் பஸ்களாக்கினர். சிப்பாய்கள் அமர்ந்த இடத்தில் பாடசாலைப் பிள்ளைகளும் பிக்குகளும் மரக்கறிக் கூடைகளோடு பெண்களும் அமர்ந்தனர். 1962 இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின், தேசியமயமாக்கலாலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும் புதிய வாகனங்கள் அரிதாயின. தேய்ந்த உதிரிப்பாகங்களை உள்ளூர்ப் பட்டறைகள் கடைந்து கொடுத்தன. களைத்துப்போன பெற்றோல் இயந்திரங்கள் இருந்த இடத்தில் ஜப்பானிய டீசல் இயந்திரங்கள் ஏறின. 1970 இல் நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறியபோதும், இவற்றின் சுக்கான் பழையபடி வலப்பக்கத்திலேயே இருந்தது. 2011 இல் பழைய வாகனங்களை ஒப்படைத்தோருக்கு இறக்குமதி அனுமதி வழங்கப்படும்வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவை உழைத்தன.

இதைச் சிக்கனத்தின் சாதனை என்று வியந்து எழுதுவோர் உண்டு. என்னால் முழு மனத்தோடு அவ்வாறு வியக்க முடிவதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரு குப்பிப் பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நாம் அறிவோம். அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால், அத்திறனை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. கதவு அடைக்கப்பட்ட வீட்டில் இருந்தவர்கள், இருந்ததைக் கொண்டு வாழ்ந்தார்கள். பர்மியரின் கதையும் அதுவே.

இருப்பினும் இன்னொரு காரணத்துக்காக அந்தப் பஸ்கள்மீது எனக்கு மதிப்புண்டு. இரவில் வீதியில் இராணுவ ட்ரக்கின் இரைச்சல் கேட்டால் விளக்கை அணைத்து மூச்சடக்கி இருந்த தலைமுறை எங்களுடையது. அதே வகை வாகனம், நடத்துனர் ஊர்ப்பெயரைக் கூவ, சனத்தை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகலாம் என்பதே எங்களுக்குப் பெரிய செய்தி. இரும்பு அதே இரும்புதான். அது எவர் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

அந்த வேறுபாடு நிலையானதும் அன்று. 2021 பெப்ரவரி 1 இல் மியன்மார் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. அவ்வாண்டு டிசம்பர் 5 இல், அதே யாங்கூன் நகரின் வீதியொன்றில் ஆர்ப்பாட்டம் செய்தவர்கள்மீது ஓர் இராணுவ வாகனம் மோதிச் சென்றது. போர் லொறியைப் பஸ்ஸாக்க அந்த மக்களுக்குச் சில பலகைகளும் ஆணிகளும் போதுமாயிருந்தன. இராணுவத்தைப் படைமுகாமுக்குத் திருப்பி அனுப்பும் வேலை அவ்வளவு எளிதன்று என்பதை, இலங்கைத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.