வியன்னாவின் வயோதிக வாத்தியார்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர்கள், "ஊர் மாறிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் நாலு நாள் இருந்தவர்களுக்கு இது தெரியும். பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிவிடலாம். குழந்தைகளோ ரயில் ஏறப் போகிற குஷியில் இருப்பார்கள். கவலையெல்லாம் வீட்டிலுள்ள வயதானவரைப் பற்றித்தான். "புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமோ? ராத்திரி தூக்கம் வருமோ? பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று மருமகள் மனத்துக்குள் தவிப்பாள். பாட்டியோ, "எனக்கென்ன, எங்கே கொண்டு போய் வைத்தாலும் இருந்துவிட்டுப் போகிறேன்" என்பாள். ஆனால் அவள் கண்கள் மட்டும் கொல்லைப்புறத்துத் துளசி மாடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வயதானவர் பாட்டியாக இல்லாமல் ஒரு குதிரையாக இருந்தால்? ஒன்றல்ல, ஒரு லாயம் நிறையக் குதிரைகளாக இருந்தால்? அதுவும் ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்துகொண்டிருக்கும் சமயத்தில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தால்?

இது கற்பனை அல்ல. ஆஸ்திரியா தேசத்தின் தலைநகரமான வியன்னாவில், 1945-ஆம் வருஷம் உண்மையாகவே நடந்தது. அந்தக் கதையைக் கேட்பதற்கு முன்னால் அந்தக் குதிரைகளின் வீட்டைப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

அரண்மனைக்குள் பள்ளிக்கூடம்

வியன்னாவின் நடுநாயகமாக நிற்பது ஸ்டீபன் தேவாலயம். அதன் பக்கத்தில் இரட்டைக் குதிரை பூட்டிய வண்டிகள் வரிசையாகக் காத்திருக்கும். 'ஃபியாக்கர்' என்று பெயர். நம் ஊர் ஜட்காவுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடைத் தெருக்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தால் ஹோஃப்புர்க் அரண்மனை வந்துவிடும். ஹாப்ஸ்பர்க் வம்சத்துச் சக்கரவர்த்திகள் 1918 வரையில் கொலு வீற்றிருந்த இடம் அது.

அரண்மனையை ஒட்டி ஒரு குறுகிய தெரு. தெருவுக்கு ஒரு பக்கம் 'ஸ்டால்புர்க்' என்னும் குதிரை லாயம். பதினாறாம் நூற்றாண்டில் ஓர் இளவரசர் குடியிருப்பதற்காகக் கட்டிய மாளிகை, குதிரைகளுக்கு வாய்த்திருக்கிறது! எதிர்ப்பக்கத்தில் அவை பாடம் படிக்கும் மண்டபம். காலை வேளையில் வெள்ளை வெளேரென்ற குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவைக் கடந்து போகும்போது, அவசரமாக ஆபீஸுக்குப் போகிறவர்களும் நின்று வழி விடுவார்கள்.

இதுதான் 'ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி'. 1572-ஆம் வருஷத்து ஏட்டிலேயே இதன் பெயர் காணப்படுகிறது. ஆதியில் ஸ்பெயின் தேசத்துக் குதிரைகளைக் கொண்டு வந்து பழக்கியதால் இந்தப் பெயர். இப்போது நாம் பார்க்கிற மண்டபம் ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், 1729 முதல் 1735 வரை கட்டப்பட்டது. 55 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், மேல்மாடங்களைத் தாங்க 46 தூண்கள், கூரையிலிருந்து தொங்கும் சர விளக்குகள். கீழே மட்டும் தரைக்குப் பதில் மணல் இல்லாவிட்டால், ராஜ குடும்பத்துக் கல்யாண மண்டபம் என்றே நினைத்துவிடுவோம். உள்ளே வரும் சவாரிக்காரர் ஒவ்வொருவரும் சுவரிலுள்ள சார்லஸ் சக்கரவர்த்தியின் படத்துக்கு எதிரே தொப்பியை எடுத்து மரியாதை செய்கிறார். சக்கரவர்த்தி போய், சாம்ராஜ்யமும் போய்விட்டது. மரியாதை மட்டும் போகவில்லை.

நெற்றிக்குத் திருஷ்டிப் பொட்டு

இந்தக் குதிரைகளுக்கு 'லிப்பிஸானர்' என்று ஜாதிப் பெயர். 1580-இல் லிப்பிஸா என்ற கிராமத்தில் இவற்றுக்காகப் பண்ணை வைத்தார்கள். அந்தக் கிராமம் இப்போது ஸ்லோவேனியா நாட்டில் இருக்கிறது. குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்றோ பழுப்பாகவோ இருக்கும். வருஷத்துக்கு வருஷம் வெளுத்து, ஆறிலிருந்து பத்து வயதுக்குள் பால் வெள்ளையாகிவிடும். எங்கோ ஒன்று மட்டும் ஆயுள் முழுவதும் பழுப்பாகவே நின்றுவிடுவதுண்டு. அதைத் தள்ளி வைக்கிறார்களா? இல்லை! லாயத்தில் பழுப்புக் குதிரை ஒன்றாவது இருந்தால்தான் அதிருஷ்டம் என்று பிரியமாக வைத்துக்கொள்கிறார்கள். அழகான குழந்தையின் கன்னத்தில் நாம் வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரி!

பெயர் வைப்பதிலும் ஒரு விசேஷம். ஒவ்வோர் ஆண் குதிரைக்கும் இரண்டு பெயர்கள்: முதலாவது தகப்பன் வழி வந்த வம்சத்தின் பெயர், இரண்டாவது தாயின் பெயர். பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் இனிஷியலை மட்டும் போட்டுவிட்டு, பத்து மாதம் சுமந்தவளை மறந்துவிடும் வழக்கம் அங்கே இல்லை.

கிழவர் பாடம் சொல்கிறார்

நாலு வயதில் இந்தக் குதிரைகளுக்குப் பாடம் ஆரம்பமாகிறது. பின்னங்கால்களில் பாரத்தை இறக்கி, முன்னங்கால்களை மடக்கித் தூக்கிச் சிலை போல நிற்பது 'லெவேட்'. ஒரேயடியாக மேலே எழும்பி, அந்தரத்தில் பின்னங்கால்களை உதைத்து, எழும்பின இடத்திலேயே இறங்குவது 'காப்ரியோல்'. இவையெல்லாம் சாட்டைக்குப் பயந்து செய்கிற சர்க்கஸ் வித்தை அல்ல. பொறுமையும், தட்டிக் கொடுப்பதும், சர்க்கரைக் கட்டியும்தான் உபாயம். அந்தச் சர்க்கரையை வைத்துக்கொள்ள, சவாரிக்காரரின் நீண்ட கோட்டு வாலில் ரகசியமாக ஒரு பை தைத்திருக்கிறார்கள். முழுத் தேர்ச்சி பெறப் பல வருஷம் பிடிக்கும். ஆகவே இங்கே பெரிய வித்துவான் என்றால் அவர் வயதானவராகத்தான் இருக்க வேண்டும். இருபது வயதைத் தாண்டியும் மண்டபத்துக்கு வருகிற குதிரைகள் உண்டு. குதிரைக்கு இருபது என்றால் நம் கணக்கில் அறுபது.

இன்னொன்றையும் கேளுங்கள். புதிதாகச் சேரும் மாணவனை முதலில் அங்கவடியும் லகானும் இல்லாமல் ஒரு கிழக் குதிரையின் மேல் உட்கார்த்திவிடுகிறார்கள். ஆசிரியர் நடுவில் நின்று நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொள்ள, குதிரை வட்டமாகச் சுற்றி வரும். இப்படியே மாதக்கணக்கில்! பையன் கோணலாக உட்கார்ந்தால் அது கோணலாக நடக்கும். சரியாக உட்கார்ந்தால் சரியாக நடக்கும். எத்தனையோ மாணவர்களைப் பார்த்து அலுத்த வாத்தியார் அது. பழக்கப்பட்ட குதிரை புதிய மனிதனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. பழக்கப்பட்ட மனிதன் புதிய குதிரைக்குக் கற்றுக்கொடுக்கிறான். 450 வருஷமாக இந்த வித்தை முக்கியமாகப் பிழைத்திருப்பது புத்தகத்தில் அல்ல. குதிரையின் முதுகிலும் மனிதனின் முழங்காலிலும்தான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மறுபடி கோக்க முடியாது.

குண்டு மழைக்கு நடுவே

1945-இல் அந்தக் கண்ணி அறுந்துவிடும் போல இருந்தது. பள்ளியின் தலைவர் அப்போது அலோய்ஸ் பொதாய்ஸ்கி. 1936-ஆம் வருஷத்து பெர்லின் ஒலிம்பிக்ஸில் குதிரைச் சவாரிக்கு வெண்கலப் பதக்கம் வாங்கியவர். லிப்பிஸானர் பெட்டைக் குதிரைகளையும் குட்டிகளையும் ஜெர்மானிய ராணுவம் ஏற்கனவே பொஹீமியாவிலுள்ள ஹோஸ்டாவ் என்ற ஊருக்குக் கொண்டு போய்விட்டது. பாடம் படித்த ஆண் குதிரைகள்தான் வியன்னாவில் மிச்சம். வானத்திலிருந்து விமானங்கள் குண்டு போட்டன. கிழக்கிலிருந்து ரஷ்யச் சேனை வந்துகொண்டிருந்தது. குதிரைகளை ஊரை விட்டுக் கிளப்பினால், "தோற்றுவிட்டோம்" என்று ஒப்புக்கொண்டதாக ஆகுமே என்று அதிகாரிகள் அனுமதி தரத் தயங்கினார்கள். கடைசியில் ஒரு வழியாக உத்தரவு கிடைத்தது. 1945 மார்ச்சில், குதிரைகள் ரயில் பெட்டிகளில் ஏறின. அதே மார்ச் 12-ஆம் தேதி, லாயத்திலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வியன்னா ஆபரா மாளிகை குண்டு விழுந்து எரிந்து போயிற்று என்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

போய்ச் சேர்ந்த இடம், மேல் ஆஸ்திரியாவிலுள்ள ஸாங்க்ட் மார்ட்டின் என்ற சின்னஞ்சிறு ஊர். சில மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் நாள்கணக்கில் இழுத்தது.

வயதான குதிரையோடு பயணம் செய்வது எத்தனை சங்கடம் என்பது வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பல் தேய்ந்திருக்கும்; முரட்டுப் புல்லை மெல்ல முடியாது. தீனி திடீரென்று மாறினால் வயிறு முறுக்கிக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே சாதாரண வயிற்று வலியே உயிருக்கு உலை வைத்துவிடும். தண்ணீரின் வாசனை மாறினால் முகர்ந்து பார்த்துவிட்டு, தாகத்தோடேயே நின்றுகொண்டிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் தூக்கம். குதிரை நின்றபடியே கண் அயரும் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். நம்பிக்கை பிறக்காத இடத்தில் அது படுக்காது. புது லாயத்தில் கிழக் குதிரை என்றைக்குக் காலை மடக்கி வைக்கோலில் படுக்கிறதோ, அன்றைக்குத்தான் அது புது ஊருக்குக் குடி வந்ததாக அர்த்தம்.

அதற்கு ஒரே மருந்து, ஊர் மாறினாலும் மற்றது எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான். பழகின கை, பழகின குரல், பழகின வேளையில் தீனி, பக்கத்துக் கொட்டடியில் பழகின முகம். வியன்னாக் குதிரைகளோடு அவற்றின் சவாரிக்காரர்களும் லாயக்காரர்களும் கூடவே போனார்கள். போன இடத்தில் அகதிகளின் கூட்டம், எல்லாருக்கும் பசி. குதிரையைத் திருடித் தின்னவும் துணிந்தார்கள் என்றால், அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பஞ்சத்துக்கு நடுவிலும் பொதாய்ஸ்கி பாடத்தை நிறுத்தவில்லை.

ஜெனரல் பார்த்த கச்சேரி

அமெரிக்கச் சேனை வந்து சேர்ந்தது. 1945 மே 7-ஆம் தேதி ஜெனரல் பேட்டன் வந்திருந்தார். அன்று விடியற்காலையில்தான் பிரான்ஸிலுள்ள ரீம்ஸ் நகரத்தில் ஜெர்மனி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தது. பேட்டனும் பழைய குதிரை வீரர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் கலந்துகொண்டவர். தோற்ற தேசத்துச் சவாரிக்காரர், ஜெயித்த தேசத்து ஜெனரலுக்கு எதிரே தம் குதிரைகளின் வித்தையைக் காட்டினார். முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, "இந்தப் பள்ளியைக் காப்பாற்றுங்கள்" என்று வேண்டிக்கொண்டார். அந்த அபயம் கிடைத்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, ஏப்ரல் 28-ஆம் தேதி, ஹோஸ்டாவில் இருந்த பெட்டைக் குதிரைகளை வேறோர் அமெரிக்கப் படை மீட்டிருந்தது. விதை நெல் அங்கே பிழைத்தது. வித்தை இங்கே பிழைத்தது. வால்ட் டிஸ்னி கம்பெனி 1963-இல் இந்தக் கதையைப் படமாகவே எடுத்துவிட்டது.

ஆனால் வீடு திரும்பப் பத்து வருஷம் ஆயிற்று. வியன்னாவை நாலு வல்லரசுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. குதிரைகள் வெல்ஸ் என்ற சிறு நகரத்தில் வாடகைக்குக் குடியிருப்பது போலக் காலம் தள்ளின. 1950-இல் கடல் கடந்து அமெரிக்காவுக்குக்கூடப் போய் வந்தன. 1955-இல் ஆஸ்திரியா சுதந்தரம் பெற்ற பிறகே, அந்த மண்டபத்தின் மணலில் மறுபடி குளம்பு பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பன்னிரண்டு வயதில் வியன்னாவை விட்ட குதிரை, திரும்பி வரும்போது இருபத்திரண்டு வயதுக் கிழவர்! இடையில் வெல்ஸில் பாடம் படித்த தலைமுறைக்கு வியன்னாவே புது ஊர். அந்தத் தலைமுறை திரும்பி வந்தபோது வித்தையோடு வந்ததென்றால், அதைக் கட்டிக் காத்தவர்கள் நாடு விட்டு ஊர் சுற்றிய அந்த மூத்தவர்கள்தான். பொதாய்ஸ்கி பிற்காலத்தில் எழுதிய ஒரு புத்தகத்துக்குக் 'குதிரைகளே என் ஆசான்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார். வேறு என்ன பெயர் வைப்பார்?

மகாராணியும் மாணவியும்

இதே மண்டபத்தில் 1743 ஜனவரியில் மகாராணி மரியா தெரேஸா, சீமாட்டிகளைத் திரட்டித் தாமே முன்னின்று குதிரைச் சவாரி விழா நடத்தினாள். அப்படியிருந்தும், பள்ளியில் பெண்களுக்கு இடம் கிடைக்க 2008 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது! அந்த வருஷம் இரண்டு பெண்கள் மாணவிகளாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹன்னா ஸைட்ல்ஹோஃபர் 2016-இல் முழுத் தகுதி பெற்ற முதல் பெண் சவாரிக்காரர் ஆனார்.

வியன்னாவுக்குப் போகிற பாக்கியம் கிடைப்பவர்கள், கோலாகலக் காட்சிக்கு டிக்கெட் அகப்படவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். காலைப் பயிற்சியைப் பார்க்கவும் ஜனங்களை அனுமதிக்கிறார்கள். வயலின் இசை மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லாரும் துள்ளுகிற இளங்குதிரைகளையே பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து, அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்யும் வயதான வெள்ளைக் குதிரை ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதன் முதுகில் ஒரு சின்னப் பெண் பயந்து பயந்து உட்கார்ந்திருந்தால், அவள் நிமிர்ந்து உட்காரும் வரையில் அது நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.