ராஜாவை நேரில் கண்டால்...

எங்கட ஆக்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் முதலில் அரசியல், பிறகு வீட்டு விலை, அதுக்குப் பிறகு இளையராஜா. இந்த ஒழுங்கு மாறி நான் கண்டதில்லை. அண்மையில் டோட்முண்டில் ஒரு பிறந்தநாள் வீடு. கேக் வெட்டி, கொத்துரொட்டியும் முடிந்து, ஆம்பிளையள் எல்லாம் பல்கனியில் நின்ற நேரம் ஒருத்தன் கேட்டான்.

"மச்சான், ராஜாவை நேரில கண்டா நீ என்ன கேப்பாய்? ஒரு கேள்விதான். ரெண்டாவது கேள்விக்கு அந்தாள் எழும்பிப் போயிடும்."

எல்லாரும் சிரித்தோம். ராஜா மேடைகளில் கேள்வி கேட்டவரை மடக்கி இருத்துகிற விதம் உங்களுக்கும் தெரியும்தானே. அதனால் கேள்வி நல்ல கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆனால் எங்கட ஆக்களிடம் இருந்து வந்தவற்றில் பாதி கேள்வியே இல்லை. "என்ர கலியாண வீடியோ முழுக்க உங்கட பாட்டுத்தான் எண்டு சொல்லுவன்." இது கேள்வியா? "கப்பலில வரேக்க உங்கட பாட்டுத்தான் துணை எண்டு சொல்லுவன்." இதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால், நமக்குப் பிடித்த இசைக்காரரிடம் நாம் கேட்க நினைப்பது குறைவு. சொல்ல நினைப்பதுதான் கூட. எங்கட கதையை அவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவரும் பாவம், 1976 இல் அன்னக்கிளி வந்த நாளில் இருந்து எத்தனை லட்சம் பேரின் கதையைக் கேட்பது!

உண்மையான கேள்வி என்றால் முதலில் வந்தது 1993 ஐப் பற்றியது. எங்கட வயதுக்காரர் எல்லாருக்கும் அது தீராத கேள்வி. அந்த வருசம் லண்டனில் றோயல் பில்ஹார்மொனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. நடத்தியவர் ஜோன் ஸ்கொட். ஆசியாவில் இருந்து போன ஒருத்தருக்கு, அதுவும் பண்ணைப்புரத்தில் இருந்து போன ஒருத்தருக்கு, இது சின்ன விசயம் இல்லை. மாதக்கணக்கு பிந்தி வந்து கை மாறிக் கை மாறிக் கிழிந்த ஒரு இந்திய சஞ்சிகையில், யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில், நான் அந்தச் செய்தியை வாசித்தேன். பிறகு அந்த சிம்பொனி வெளிவரவே இல்லை. இசைத்தட்டு இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று பார்த்திருந்தவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

பிறகு 2025 மார்ச் 8 இல் லண்டன் அப்பலோ அரங்கில், 81 வயதில், அதே இசைக்குழுவோடு 'வேலியன்ட்' என்ற சிம்பொனியை அரங்கேற்றினார். எங்களில் இரண்டு பேர் போய்வந்தார்கள். நான் போகவில்லை, வேலை. போனவன் சொன்னான்: "எல்லாரும் புது சிம்பொனியைப் பற்றிக் கேப்பாங்கள். நான் பழசைப் பற்றித்தான் கேப்பன். 93 இல வாசிச்சது எங்கை ஐயா?" நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். ஒரு மனிதர் 32 வருசம் கழித்து அதே இசைக்குழு முன்னால் போய் நிற்கிறார் என்றால், நடுவில் அவருக்குள் என்ன நடந்தது என்று அறிய ஆசை இருக்காதா?

இன்னொருத்தன் கேட்டதும் எனக்குப் பிடித்தது. ஒரு காட்சிக்கு அஞ்சாறு மெட்டுப் போட்டுக் காட்டுவாராம், டைரக்டர் ஒன்றை எடுப்பாராம். "மிச்ச மெட்டுகள் எங்கை? ஆயிரம் படம் எண்டா, எடுபடாமல் போன மெட்டுகள் எத்தனை ஆயிரம்?" நான் அதோடு ஒன்று சேர்த்தேன். அவர் வாத்தியக்காரர் ஒவ்வொருத்தருக்கும் கையால் எழுதிக் கொடுத்த அந்த நோட்ஸ் தாள்கள் எங்கே? ஒழுங்காகச் சேர்த்து வைத்தால் ஒரு நூலகம் வரும். ஒரு நூலகத்தை எரியக் கொடுத்த ஊர்க்காரருக்குத் தாள் என்றாலே ஒரு பயம்.

இந்த நேரம் வீட்டுக்கார நண்பனின் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. விசயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னா: "அந்த மனுசனிட்டை ஒண்டும் கேக்காதேங்கோ பிள்ளையள். பெத்த பிள்ளையைக் குடுத்திட்டு இருக்கிற மனுசன். சாப்பிட்டீங்களோ எண்டு மட்டும் கேளுங்கோ."

பவதாரிணி 2024 ஜனவரியில் காலமானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வைத்தியத்துக்கென்று வந்து, எங்கட நாட்டில், கொழும்பில்தான் அந்தப் பிள்ளையின் உயிர் போனது. பல்கனியில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

என்னுடைய கேள்வியை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. பத்து நிமிசக் கதை அது. பல்கனியில் சொன்னால் நடுவில் யாராவது வீட்டு விலைக்குத் திரும்பிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

1990 ஆனியோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பற்றரி தடை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பெற்றோல் என்றால் கண்ணால் காண்பதே அரிது. அதுக்கு முதல் நாங்கள் இலங்கை வானொலியிலும் திருச்சி வானொலியிலும் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். திடீரென்று வீடு முழுக்க அமைதி. செல் அடிக்கிற நேரம் தவிர.

எங்கட பக்கத்து வீட்டில் ஒரு அண்ணா இருந்தார். ஏ.எல். படித்துவிட்டுச் சும்மா இருந்தவர், கைவேலைக்காரன். அவர்தான் எங்கட ஒழுங்கையில் முதன்முதலாகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியவர். பின்சில்லில் டைனமோ. அதில் இருந்து இரண்டு வயர், நடுவில் ஒரு டயோட், அங்கால் ஒரு சின்ன டூ இன் வண். டைனமோவும் 6 வோல்ட், நாலு பெரிய பற்றரி போட்டாலும் 6 வோல்ட். கணக்குச் சரி. பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு வரும். பாட்டோடு "ர்ர்ர்" என்று ஒரு இரைச்சலும் வரும்.

றேடியோ என்றால் மெதுவாகச் சுற்றினாலும் சமாளிக்கும். கசற் அப்படி இல்லை. நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். கை ஓய்ந்தால் அதுவும் ஓயும், சுருதியும் இறங்கும். ஜானகி அம்மா ஜேசுதாஸ் ஆகிவிடுவா. எஸ்.பி.பி. மலேசியா வாசுதேவன் ஆகிவிடுவார். வாசுதேவன் என்ன ஆவார் என்று எழுத முடியாது. "டேய், பாலு கிழவனாகிறான், கெதியாச் சுத்தடா" என்று அண்ணா கத்துவார். சுற்றுகிறவன் நான். பாட்டு ஒன்றுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்துச் சுற்றினோம். ராஜாவின் இடையிசை நீளமாக வருகிற பாட்டுகளை நான் அந்தக் காலத்தில் வெறுத்ததற்கு அதுதான் காரணம். :-)

அண்ணாவிடம் ஒரே ஒரு நல்ல கசற் இருந்தது. ஒரு பக்கம் மௌன ராகம், மற்றப் பக்கம் கலவை. றெக்கோடிங் பாரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, காசு கட்டி, ஒரு கிழமை காத்திருந்து எடுத்த கசற். (ஒரு ஒறிஜினலில் இருந்து ஊருக்கே கொப்பி. 2017 இல் ராஜா உரிமை கேட்டு எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் அனுப்பினபோது எங்கட ஆக்கள் பலர் கொதித்தார்கள். 2024 இல் குணா பாட்டுக்காக மஞ்ஞும்மல் பாய்ஸ் படக்காரருக்குப் போனபோதும் அதே கொதிப்பு. எழுதினவன் கூலி கேட்டால் என்ன பிழை என்றுதான் நான் கேட்பேன். எங்கட ஒழுங்கையில் இருந்து அவருக்கு ஒரு சதம் போகவில்லை. பற்றரியே வராத ஊரில் இருந்து காசு போக ஒரு வழியும் இருக்கவில்லை.)

அந்தக் கசற்றில் எஸ்.பி.பி. தென்றலோடு கதைக்கிற பாட்டு ஒன்று இருக்கு. மௌன ராகம் தெரிந்தவர்களுக்கு எது என்று சொல்லத் தேவையில்லை. அண்ணாவுக்கு அது உயிர். அதைப் போடுகிற நேரம் மட்டும் பெடலை எங்களிடம் தரமாட்டார். தானே சுற்றுவார், கண்ணை மூடிக்கொண்டு.

95 இடப்பெயர்வோடு எல்லாரும் சிதறினோம். அண்ணா குடும்பம் வன்னிக்குப் போனது. நான் எப்படியோ ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தேன்.

97 இல் நான் இருந்த ஹைமில் என்னுடைய அறையில் ஒரு குர்திஷ் பெடியன். ஜேர்மன்காரர் பழைய சாமான்களைத் தெருவில் வைக்கிற நாளில் போய் ஒரு ஸ்டீரியோவும் பெரிய ஹெட்போனும் தூக்கிக்கொண்டு வந்தான். தமிழ்க் கடையில் வாங்கின மௌன ராகம் கசற் என்னிடம் இருந்தது. இரவு அவன் நித்திரைக்குப் போனபிறகு ஹெட்போனை வாங்கிப் போட்டேன்.

அந்தப் பாட்டுத் தொடங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுது!

பேஸ் கிற்றார். எஸ்.பி.பி. ஒரு பக்கம் போக, அது தன்பாட்டில் இன்னொரு பக்கம் போகிறது. அவர் நிற்கிற இடத்தில் அது நடக்கிறது. அவர் நீட்டுகிற இடத்தில் அது ஒதுங்கி நிற்கிறது. தாளத்துக்கு டும் டும் என்று அடிக்கிற வேலை இல்லை அது. தனியாக எடுத்துப் பாடலாம், அப்படி ஒரு மெட்டு. ஏழெட்டு வருசம் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு. அதில் பாதியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன். பிறகு மற்றப் பாட்டுகள். எல்லாத்திலும் கீழே ஆள் இருக்கு!

பேஸ் கிற்றாரின் ஆகத் தடித்த தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிரும். அண்ணாவின் டூ இன் வண்ணில் இருந்தது மூன்று அங்குல ஸ்பீக்கர். அது அந்த ஆழத்துக்கு இறங்காது. டைனமோ இரைச்சலில் மிச்சமும் போய்விடும். எங்கட ஊர் என்றில்லை. எண்பதுகளில் மதுரையிலோ மன்னாரிலோ ராஜா பாட்டுக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் கேட்டது ட்ரான்சிஸ்டரில், தேத்தண்ணிக் கடையில், பஸ்ஸில், கோயில் குழாய் ஸ்பீக்கரில். இவை ஒன்றிலும் பேஸ் கேட்காது.

அது ராஜாவுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர். குழாய் ஸ்பீக்கரில் எது கேட்கும் எது கேட்காது என்று அவரைவிட அறிந்தவர் யார்?

ஆகவே என்னுடைய கேள்வி இதுதான்:

"ஐயா, நாங்கள் கேட்க மாட்டோம் என்று தெரிந்தும் ஏன் அவ்வளவு கவனமாக அதை எழுதினீங்கள்? யாருக்காக?"

அவர் என்ன சொல்வார் என்று நானே ஊகித்துப் பார்த்திருக்கிறேன். பாக்கைச் சொல்லக்கூடும். 1986 இல் வந்த ஹௌ டு நேம் இட் இசைத்தட்டைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தவர் அவர். பாக்கின் இசையில் கீழ்க்குரல் மேல்குரலுக்கு வேலைக்காரன் இல்லை. அதுக்கும் சொந்த நடை உண்டு. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவருக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கும். அல்லது, வாசிக்கிற ஆளுக்காக எழுதினேன் என்று சொல்லலாம். அவருடைய எத்தனையோ பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த சசிதரன் போன்ற ஒருத்தர் முன்னால் இருந்தால் சும்மா டும் டும் எழுத மனம் வருமா? அல்லது "போய் வேற வேலையைப் பாருங்க" என்பார். அந்த மூன்றாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

என்ன சொன்னாலும் பரவாயில்லை. நான் கேட்பது எனக்காக மட்டும் இல்லை.

அண்ணாவைப் பற்றி 2009 வைகாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வன்னியில் அவர் ஹெட்போனில் பாட்டுக் கேட்டிருப்பாரா? நான் நினைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெடலைச் சுற்றிச் சுற்றி உயிரைவிட்ட அந்தப் பாட்டின் கீழ்ப் பாதியை அவர் அறியவே இல்லை. இசை தெரிந்தவர். ஒரு தடவை கேட்டிருந்தால் என்னைவிட நன்றாகப் பிடித்திருப்பார்.

அவருடைய தங்கச்சி இப்ப கனடாவில். போன கிழமை இந்தக் கதையெல்லாம் சொல்லி, அந்தப் பாட்டின் நல்ல ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பி, ஹெட்போன் போட்டுக் கேள், கீழே கிற்றார் போகுது பார் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது.

"கேட்டனான். நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சரியான கெதியாப் போகுது. அண்ணா போடேக்க இவ்வளவு கெதியில்லை."