செங்காந்தள் அழிகிறதா?



"ஐயா, செங்காந்தள் அழிந்துவரும் செடியா, இல்லையா?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். ஆம் அல்லது இல்லை என்று எழுதினால்தானே தேர்வில் மதிப்பெண்! இச்செடிக்கோ ஒரு சொல் விடை போதாது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் முதலாவது காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுவே. சங்கப் புலவர்கள் அதை மலைக்கு உரியதாகப் பாடினர். எனினும் கொங்கு நாட்டின் வறண்ட மேட்டு நிலங்களில், முள்வேலிகளைப் பற்றி ஏறுவதும் அதே கொடிதான். கோடையில் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மழை கண்டதும் தண்டு எழும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். கிழங்கின் வடிவத்தால் கலப்பைக்கிழங்கு என்றும், பூவை உற்றுநோக்கினால் கண் வலிக்கும் என்னும் நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு என்றும் மக்கள் அழைப்பர்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இஃது அழியும் வாய்ப்பு மிகக் குறைந்த இனமாகவே உள்ளது. அதில் பிழையில்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து வளரும் செடி இது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளிலோ, வந்தேறிய களையாகி அங்குள்ள செடிகளை நெருக்குகிறது. அங்கே அதைப் பிடுங்கி எறிவதே இயற்கைப் பாதுகாப்பு!

ஆனால் பட்டியல் எண்ணிப் பார்ப்பது உலகிலுள்ள மொத்த இனத்தை. ஓர் ஊரின் வேலி அந்தக் கணக்கில் தனியே வராது. இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் என்னும் நச்சு, கௌட் எனப்படும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. அதனால் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகின்றனர். விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே கிழங்கையே நடுகின்றனர். அக்கிழங்கில் ஒரு பகுதி காட்டிலிருந்தும் வேலியோரங்களிலிருந்தும் தோண்டி வருவது. கிழங்கு போனால் அடுத்த மழைக்கு அவ்விடத்தில் முளைக்க ஒன்றும் இராது. மாநில மலர் என்ற பெயரால் மட்டும் ஒரு செடி காப்பாற்றப்பட்டுவிடாது என்பதே என் கருத்து.

விதை பிடிப்பதும் எளிதன்று. சூல்தண்டு ஒடிந்தாற்போல் பக்கவாட்டில் வளைந்து, மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்கிறது. அதனால் உழவர்கள் காலை வேளையில் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கின்றனர். அறிவியல் பாடத்தில் மகரந்தச் சேர்க்கையைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. செம்பருத்தியை மட்டுமே வரைந்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இதையும் வரையக் கொடுங்கள்.

ஆகவே பயிற்றியில் 'அழிந்துவரும் மலர்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'ஆபத்தில்லை' என்றும் முடித்துவிடாதீர்கள். 'உலகில் அழியவில்லை, தோண்டி எடுக்கப்படும் இடங்களில் குறைகிறது' என்பதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்கின்றனர்.

பெற்றோர்களுக்கு ஒன்று. அழகுக்காக இக்கொடியை வீட்டில் வளர்ப்போர், கிழங்கைச் சிறுவர் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வள்ளிக்கிழங்கு என மயங்கித் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.