பக்கத்து மூலையும் எதிர் மூலையும்

பிளாற்றினம் என்றதும் உங்களுக்கு நகைக்கடைதான் ஞாபகம் வரும். எனக்கோ என் ராத்தாவுக்கு ஏற்றிய சேலைன் போத்தல் ஞாபகம் வருகிறது. சூலகப் புற்றுநோய்க்காக அவருக்குக் கொடுத்த ‘சிஸ்பிளாற்றின்’ மருந்தில் இருப்பது அந்த உலோகமே.

வாந்தியும் களைப்பும் தாங்காமல் ஒருநாள் அவர், “நகை செய்யிற சாமானை உடம்புக்குள்ள ஏத்தி என்ன செய்யப் போறாங்க? எனக்கு இனி வேணாம் தம்பி” என்றார். இரசாயனவியல் கற்பிப்பவன் நான். ஒரு தாளில் சதுரம் வரைந்து காட்டினேன்.

நடுவில் பிளாற்றினம் அணு. நான்கு மூலைகளிலும் இரண்டு குளோரீன், இரண்டு அமோனியா. குளோரீன்கள் பக்கத்து மூலைகளில் இருந்தால் அது மருந்து. எதிர் மூலைகளில் இருந்தால், அதே அணுக்கள்தான், ஆனால் நோயாளிக்கு உதவாது. குளோரீன்கள் கழன்றதும், அந்த அடுத்தடுத்த இடங்களால் பிளாற்றினம் புற்றுக்கலத்தின் டீ.என்.ஏ. இழையைப் பற்றி வளைத்துவிடுகிறது. கலம் பெருக முடியாமற் போகிறது. தாளை நெடுநேரம் பார்த்த ராத்தா, மிகுதி மருந்தையும் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

1844 இல் இத்தாலியரான பெய்ரோன் தயாரித்த சேர்வை இது. அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் றோசன்பேர்க் குழுவினர், பிளாற்றினச் சேர்வைகள் பற்றீரியா பிரிவதைத் தடுப்பதை 1965 இல் அறிவித்தனர். 1978 இல் சிஸ்பிளாற்றின் அங்கு மருந்தாக அனுமதி பெற்றது.

அணு எந்த மூலையில் இருக்கிறது என்று எப்படி அறிவது? பொருளைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறும் புள்ளிக் கோலத்திலிருந்து கணக்கிடுவார்கள். 1951 இல் அறிவிக்கப்பட்ட பெரோசீன் என்ற இரும்புச் சேர்வைக்கு முதலில் வரைந்த வடிவம் பிழையானது. இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவே பட்டர் போல, இரண்டு காபன் வளையங்களுக்கு நடுவே இரும்பு இருப்பது 1952 இல் தெளிவாயிற்று.

அந்த இரு வளையங்களிலும் பொசுபரசைப் பொருத்திப் பிளாற்றினத்தைப் பிடிக்கச் செய்யலாம். ஒரே மூலக்கூறின் இரு கைகள் என்பதால் பொசுபரசுகள் பக்கத்து மூலைகளில் அமர்கின்றன. மற்ற இரு மூலைகளில் குளோரீன்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பளிங்குப் படத்தில் பொசுபரசுகளுக்கிடையிலான கோணம் ஏறத்தாழ 99 பாகை. பெரோசீனும் பிளாற்றினமும் சேர்ந்த இத்தகைய சேர்வைகளை ஆய்வுகூடங்களில் புற்றுக்கலங்கள் மீது சோதிக்கிறார்கள். இவை இன்னும் வைத்தியசாலைக்கு வந்த மருந்துகள் அல்ல. அப்படிச் சொல்லி யாரும் விற்றால் ஏமாந்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இத்தகைய சிகிச்சை நடந்தால், மருந்து உள்ளே என்ன செய்கிறது என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். விளங்கிக்கொண்டவருக்கு வேதனையைப் பொறுக்க ஒரு காரணம் கிடைக்கிறது.